தள்ளுவண்டிக்கு 8 அங்குலச் சக்கரமா, சைக்கிள் சக்கரமா?

சூப்புக்கடை:
சாயங்கால சூப்புக் கடைக்கு ஒரு தள்ளுவண்டி அடிக்கக் கொடுத்திருக்கிறேன். அடுப்பு, சிலிண்டர், தண்ணீர் கேன், பாத்திரம் எல்லாம் ஏற்றினால் 200 கிலோ பக்கம் வரும். வீட்டிலிருந்து கடை போடும் இடம் வரை ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ள வேண்டும். பட்டறையில் 8 அங்குல விட்டத்தில், எந்தப் பக்கமும் திரும்பும் சக்கரம் நாலு போடலாம் என்கிறார்கள். வண்டி தாழ்வாக நிற்கும், செலவும் குறைவாம். அப்பா சைக்கிள் சக்கரம்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். ஏன் என்று கேட்டால், "பெரிய சக்கரம்தான் ஓடும், போடா" என்பதோடு சரி. மச்சான் ஒருத்தர், பெரிய சக்கரத்தைக் கிளப்புவதற்கே நாக்கு தள்ளிவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? பாதையில் இரண்டு வேகத்தடை, ஒரு சாக்கடை மூடி, கொஞ்ச தூரம் ஜல்லி பெயர்ந்த ரோடு.

பட்டறைக்காரன்:
தம்பி, 8 அங்குலத் திருப்புச் சக்கரம் குடோனுக்குள் ஓடுவதற்குச் செய்தது. தரை சிமெண்டாக, சமமாக இருந்தால் ஒரு விரலால் தள்ளலாம். ரோட்டில் ஒரு கூழாங்கல் மாட்டினாலே வண்டி சட்டென்று நின்று, தள்ளுகிற ஆள் கைப்பிடியில் போய் மோதுவார். எங்களிடம் இஸ்திரி வண்டிக்காரர்கள் அதைக் கேட்டு வாங்குவார்கள். அவர்கள் வண்டி ஒரே மரத்தடியில் வருஷக்கணக்கில் நிற்கும், தினமும் ஓடுவதில்லை. அதனால் அவர்களுக்குச் சரி. நீங்கள் தினமும் போக வர 3 கிலோமீட்டர் தள்ளப் போகிறீர்கள். அப்பா பேச்சைக் கேளுங்கள்.

விலை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். அந்தச் சின்னச் சக்கரத்தில் பேரிங் இருக்கிறதா, அச்சு நேரே தேயும் வெறும் புஷ்ஷா என்று கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

கணக்கு_வாத்தியார்:
அப்பா சொன்னது சரி. ஏன் சரி என்பதைக் கணக்காகவே போட்டுவிடலாம்.

ரோட்டில் 3 செ.மீ உயரத்துக்கு ஒரு கல்லோ விளிம்போ இருக்கிறது, முன்சக்கரம் இரண்டும் அதில் முட்டி நிற்கின்றன என்று வைப்போம். அந்த விளிம்பைச் சுற்றித்தான் சக்கரம் எழும்ப வேண்டும். நீங்கள் தள்ளும் விசை அச்சில் படுகிறது. விளிம்பிலிருந்து அச்சு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் நெம்புகோல் நீளம். விளிம்புக்கும் அச்சுக்கும் நடுவே உள்ள கிடைத்தூரம் எடைக்குக் கிடைக்கும் நீளம். எது நீளமோ அந்தப் பக்கத்துக்கு லாபம்.

8 அங்குலச் சக்கரத்தின் ஆரம் 10 செ.மீ. உங்கள் நீளம் 7, எடையின் நீளம் 7.1. அதாவது சக்கரத்தின்மேல் எவ்வளவு எடை இருக்கிறதோ கிட்டத்தட்ட அவ்வளவு விசையோடு தள்ள வேண்டும். முன்பக்கம் 100 கிலோ என்றால் 102 கிலோ விசை. 28 அங்குல சைக்கிள் சக்கரத்தின் ஆரம் 35 செ.மீ. உங்கள் நீளம் 32, எடையின் நீளம் 14. அதே 100 கிலோவுக்கு 44 கிலோ விசை போதும். முதலாவதை நிதானமாகத் தள்ளி ஏற்ற ஒரு ஆளால் முடியாது, ஓடி வந்து மோதித்தான் ஏற்ற வேண்டும். சூப்பு என்னவாகும் என்று நீங்களே யோசியுங்கள்.

தடையின் உயரம் சக்கரத்தின் ஆரத்துக்குச் சமமாகிவிட்டால், நேராக எவ்வளவு தள்ளினாலும் ஏறாது. 10 செ.மீ நடைபாதை விளிம்பு உங்கள் 8 அங்குலச் சக்கரத்துக்குச் சுவர்.

சாக்கடை மூடிக்கும் இதே கதைதான். 10 செ.மீ அகல இடைவெளியில் சின்னச் சக்கரம் 1.3 செ.மீ இறங்கும். சைக்கிள் சக்கரம் மூன்றரை மில்லிமீட்டர் இறங்கும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

வேகப்பிரியன்:
அந்த மச்சான் பக்கம் யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். பெரிய சக்கரம் என்றால் நிறை விளிம்பில், அச்சிலிருந்து தள்ளி இருக்கிறது. நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுற்றக் கிளப்பும்போது சக்கரம் காட்டும் முரண்டு, ஆரத்தின் வர்க்கத்தோடு கூடும். கல்லூரியில் எல்லோரும் படித்ததுதான். அப்படியானால் நின்ற இடத்திலிருந்து கிளப்புவது கஷ்டம்தானே? காரில் பெரிய வீல் மாற்றினால் பிக்கப் செத்துப்போவதை நானே ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

கணக்கு_வாத்தியார்:
பாதி சரி, மீதியை விட்டுவிட்டீர்கள். திருப்புத்திறன் ஆரத்தின் வர்க்கத்தோடு கூடுவது உண்மை. ஆனால் அதே வேகத்தில் வண்டி ஓடும்போது பெரிய சக்கரம் மெதுவாகச் சுற்றுகிறது. சுழற்சி வேகம் ஆரத்துக்குத் தலைகீழாகக் குறையும், ஆற்றலில் அதன் வர்க்கம்தான் வரும். இரண்டையும் பெருக்கினால் ஆரம் அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது நிறை மட்டும். நிறை முழுக்க விளிம்பில் இருக்கும் சக்கரம் உருளும்போது தன் நிறையைப் போல் இரண்டு மடங்காக நடந்துகொள்ளும். கெட்டியான தட்டு ஒன்றரை மடங்காக. விட்டம் ஒரு சாணாக இருந்தாலும் ஒரு ஆள் உயரமாக இருந்தாலும் இதுதான்.

சூப்பு வண்டிக்குப் போட்டுப் பாருங்கள். தடித்த கம்பி போட்ட சக்கரம் ஒன்று 3 கிலோ என்றே எடுத்துக்கொள்வோம், நாலும் சேர்ந்து 12. கிளப்பும்போது 200 கிலோ வண்டி 212 கிலோ வண்டியாகத் தெரியும். இதற்கா நாக்கு தள்ளும்?

உங்கள் கார் விஷயம் வேறு. அங்கே எஞ்சின் அச்சைத் திருக்குகிறது. அதே திருக்கு பெரிய ஆரத்தில் வந்தால் தரையில் கிடைக்கும் விசை குறையும், மேல் கியரில் கிளப்புவது மாதிரி. தள்ளுவண்டியிலும் மாட்டு வண்டியிலும் யாரும் அச்சைத் திருக்குவதில்லை, வண்டியைத்தான் தள்ளுகிறோம், இழுக்கிறோம். அதனால் அந்த நஷ்டம் இங்கே வராது.

வேகப்பிரியன்:
கார் விஷயம் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பெரிய சக்கரம் என்றாலே நிறையும் கூடத்தானே செய்யும்?

கணக்கு_வாத்தியார்:
கூடும். அந்த அளவுக்குத்தான் உங்கள் மச்சான் கட்சிக்கு மார்க். ஒரே தடிமன் பலகையில் வெட்டிய தட்டுச் சக்கரமாக இருந்தால் விட்டம் இரட்டிக்கும்போது நிறை நாலு மடங்கு. கம்பி போட்ட சக்கரத்தில் அப்படி ஏறாது. கம்பி வைத்ததே அதற்காகத்தான்.

எட்டாம்வகுப்பு_அம்மா:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். இது என் பெண்ணின் அறிவியல் கண்காட்சித் தலைப்பேதான். சாய்வுப் பலகையில் இரண்டு வண்டி விட்டார்கள். ஒன்றுக்குத் தண்ணீர் பாட்டில் மூடி சக்கரம், இன்னொன்றுக்குப் பழைய சிடி. இரண்டுக்கும் அச்சு மூங்கில் குச்சி, அதைச் சுற்றி உறிஞ்சுகுழல். சிடி வண்டி ஒவ்வொரு தடவையும் ஜெயித்தது. அப்புறம் அட்டைப்பெட்டி வண்டியில் தடித்த ஒட்டுப்பலகையை வட்டமாக வெட்டி, சின்னதும் பெரியதுமாகப் போட்டார்கள். இந்தத் தடவை அச்சுக்குப் பால்ரஸ் (குண்டு பேரிங்) வைத்திருந்தார்கள். அதில் பெரிய சக்கரம் தோற்றது. நீதிபதியாக வந்தவர் "அப்போ முடிவு என்ன?" என்று கேட்க, பிள்ளைகள் முழித்தார்கள். வாத்தியார் ஐயா சொன்னதைப் படித்தால் இரண்டாவது புரிகிறது, பலகை கனம். முதலாவது ஏன் அப்படி?

கணக்கு_வாத்தியார்:
நல்ல சோதனை அம்மா. முடிவு இரண்டாக வந்ததுதான் அதில் சுவை. பிள்ளைகளுக்கு முழு மார்க் போட்டிருக்கலாம்.

முதல் வண்டியில் ஜெயித்தது அச்சு உராய்வு விஷயத்தில். குச்சி குழலுக்குள் தேய்கிறது. தேய்க்கும் விசை குச்சியின் ஆரத்தில் வேலை செய்கிறது, அதை வெல்லும் தரையின் விசை சக்கரத்தின் ஆரத்தில் வேலை செய்கிறது. ஆக, வண்டி உணரும் தடை, குச்சி ஆரத்தைச் சக்கர ஆரத்தால் வகுத்த விகிதத்தில் குறைகிறது. குச்சி 3 மில்லிமீட்டர் தடிமன் என்றால் ஆரம் ஒன்றரை. மூடியின் ஆரம் சுமார் 15 மி.மீ, விகிதம் பத்தில் ஒன்று. சிடியின் ஆரம் 60, விகிதம் நாற்பதில் ஒன்று. உராய்வு கெழு 0.3 என்று வைத்தால், 5 டிகிரி சாய்வில் மூடி வண்டி தன்னை இறக்கும் விசையில் மூன்றில் ஒரு பங்கை அச்சிலேயே தின்றுவிடும். சிடி வண்டி பத்தில் ஒரு பங்குக்கும் கீழேதான் தின்னும்.

இரண்டாவது வண்டியில் பால்ரஸ் வந்ததும் தின்பதற்கே ஒன்றும் இல்லை. பலகை வழுவழுப்பு, ஏறிக் கடக்க மேடு பள்ளமும் இல்லை. பெரிய சக்கரத்துக்கு இருந்த இரண்டு லாபமும் போய்விட்டது. மிஞ்சியது கனம். வண்டியின் உடல் 800 கிராம், சின்னச் சக்கரம் நாலும் 200 கிராம் என்றால் உராய்வே இல்லாமல் சறுக்கும் வண்டியின் முடுக்கத்தில் 91 சதவீதம் கிடைக்கும். விட்டத்தை இரட்டித்தால் சக்கரங்கள் 800 கிராம் ஆகும், முடுக்கம் 80 சதவீதத்துக்கு இறங்கும். நீதிபதியிடம் இதைச் சொல்லச் சொல்லுங்கள்: அச்சும் தரையும் எப்படி என்று தெரியாமல் பெரிய சக்கரமா சின்னச் சக்கரமா என்ற கேள்விக்குப் பதில் கிடையாது.

கரிசல்காட்டான்:
இத்தனை பேர் பேசியும் மாட்டு வண்டியை யாரும் தொடவில்லையே! எங்கள் பக்கம், கோவில்பட்டி சுற்றுவட்டாரத்தில், கட்டை வண்டிச் சக்கரம் நாலரை, ஐந்து அடி விட்டம். விளிம்பாகச் சேரும் ஆறு வட்டை, பன்னிரண்டு ஆரக்கால், நடுவில் அச்சு நுழையும் குடம், மேலே கொல்லர் காய்ச்சிப் போட்ட இரும்புப் பட்டை. அச்சு இரும்பு, ஒன்றரை இரண்டு அங்குலத் தடிமன். வாத்தியார் சொன்ன விகிதத்தைப் போட்டுப் பார்த்தேன், முப்பதில் ஒன்று வருகிறது. பேரிங் இல்லாத காலத்தில் அதுதான் பேரிங். மசை போடாத வண்டி ஊரைக் கூட்டும் சத்தத்தோடு வரும், மாடும் சீக்கிரம் நுரை தள்ளும். விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துப் போடுவார்கள், வண்டியின் அடியிலேயே மசைக் குழாய் தொங்கும்.

அடுத்தது டயர் வண்டி. அச்சு இடுப்புக்குக் கீழே வந்துவிட்டது, சக்கரம் மூன்றடிக்குள் அடங்கிவிட்டது. மாட்டு வண்டிக்கென்றே 8.00-19 என்ற அளவில் டயர் விற்கிறார்கள். நிறையப் பேர் பழைய லாரி டயரை மாட்டியே ஓட்டினார்கள். வாத்தியார் கணக்குப்படி பார்த்தால் சின்னச் சக்கரத்தில் மாடு கஷ்டப்பட வேண்டும். நடந்தது தலைகீழ். தார் ரோட்டில் அதே ஜோடி மாடு கட்டை வண்டியைவிட அதிகப் பாரம் இழுத்தது. ஏன்? காற்று அடைத்த ரப்பர் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது, வண்டியைத் தூக்க வேண்டியதில்லை. குடத்துக்குள் பேரிங். இரண்டு லாபமும் வேறு வழியில் வந்துவிட்டதால் உயரம் தேவைப்படவில்லை. 1970-களில் பெங்களூர் ஐஐஎம்மின் முதல் இயக்குநர் என். எஸ். ராமசாமி மாட்டு வண்டியை நவீனமாக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். நிர்வாகப் படிப்புக்காரர் ஒருவர் வண்டியைப் பற்றிக் கவலைப்பட்டதை எங்கள் தாத்தா ஆச்சரியமாகச் சொல்வார்.

ஆனால் ஐப்பசி மழைக்குப் பிறகு கரிசல் காட்டுக்குள் டயர் வண்டியை இறக்கிப் பாருங்கள். மண் அப்பி அப்பி டயரே உருண்டையாகிவிடும். கட்டை வண்டியின் ஒல்லிப் பட்டை மேல் சேற்றை அறுத்துக்கொண்டு அடியில் கெட்டி மண்ணைத் தொடும். உயரம் இருப்பதால் அப்போதும் குடம் சேற்றுக்கு மேலேயே நிற்கும். சிக்கினால் ஆட்கள் இறங்கி ஆரக்காலைப் பிடித்து உருட்டுவோம். அதுவும் மேல் ஆரக்காலைத்தான் பிடிக்க வேண்டும், கீழ் ஆரக்காலில் பலம் பலிக்காது.

கணக்கு_வாத்தியார்:
மேல் ஆரக்கால் விஷயத்துக்கு ஒரு கும்பிடு. சக்கரத்தின் உச்சியில் தள்ளினால் நெம்புகோல் நீளம் ஆரம் அல்ல, கிட்டத்தட்ட விட்டம். ஐந்தடிச் சக்கரம் 10 செ.மீ கல்லில் முட்டி நின்றால், அச்சில் இழுக்க எடையில் 58 சதவீதம் வேண்டும். உச்சியில் உருட்டினால் 27 சதவீதம். பாதிக்கும் குறைவு. சின்னச் சக்கரத்தில் பிடிப்பதற்கு ஆரக்காலும் இல்லை, குனிந்தால் இடுப்பும் போய்விடும்.

பழைய_காகிதம்:
உருளும் தடை சக்கர அளவோடு எப்படிக் குறைகிறது என்பதற்கு ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது, பிரான்சில். 1780-களில் கூலும் மர உருளைகளை உருட்டிப் பார்த்து, தடை ஆரத்துக்குத் தலைகீழ் விகிதம் என்றார். மின்னூட்ட விதியில் வருகிற அதே கூலும்தான். 1837-இல் பாலம், சாலை பார்க்கும் பொறியாளரான துப்புயி, இல்லை, விட்டத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் என்றார். பீரங்கிப் படை அதிகாரி மொரான் கூலும் பக்கம் நின்றார். விட்டத்தை இரட்டித்தால் தடை பாதியாகுமா, 71 சதவீதமாகத்தான் குறையுமா என்பதுதான் தகராறு.

அரசாங்கத்துக்கு இது காசு விஷயம். எந்த வண்டி ரோட்டை எவ்வளவு கெடுக்கிறது, சக்கரப் பட்டை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று சட்டம் போட வேண்டியிருந்தது. நம் ஊர் ஒல்லிப் பட்டையும் ரோட்டில் தடம் அறுத்ததற்குப் பேர் போனதுதான். என் கருத்தைக் கேட்டால், இரு தரப்பாருமே தாங்கள் சோதித்த தரைக்குச் சரியாக இருந்திருப்பார்கள். தரை மாறினால் விதியும் மாறும், மண் ஒரு விதம், கல் ஒரு விதம்.

தேரடிவீதி:
பெரிய சக்கரத்துக்கு இன்னொரு முகம் இருக்கிறது, நிறுத்துவது. தேருக்கு முட்டுக்கட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கட்டை ஆப்பு வடிவத்தில் இருக்கும், சக்கரம் அதன்மேல் ஏறித் தன் வேகத்தைத் தானே செலவழிக்க வேண்டும். வாத்தியார் கணக்கைத் திருப்பிப் போட்டால், பெரிய சக்கரம் சின்னக் கட்டையை மதிக்கவே மதிக்காது. அதனால்தான் ஒருவர் போட்டதும் அடுத்தவர் தயாராக நிற்பார். தேர் திரும்புவதும் இதில்தான், ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை கொடுத்து மற்றப் பக்கத்தை ஓட விடுவார்கள். திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரம் வந்து, திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்த பிறகும் முட்டுக்கட்டைக்காரர்களுக்கு வேலை போகவில்லை.

சூப்பு வண்டிக்காரர் இதைக் கவனிக்கவும். சைக்கிள் சக்கரம் போட்டால் சரிவில் ஒரு சின்னக் கல்லை அண்டக் கொடுத்துவிட்டு சிலிண்டரைப் பற்றவைக்காதீர்கள்.

சூப்புக்கடை:
எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் காட்டினேன், "நான் ஒரு வரியில் சொன்னதை இத்தனை பேர் சேர்ந்து சொல்லியிருக்கிறார்கள்" என்கிறார். இரண்டு சந்தேகம். வேகத்தடையில் வாத்தியார் கணக்கு அப்படியே வருமா? நாலும் சைக்கிள் சக்கரம் என்றால் திருப்புவது எப்படி?

கணக்கு_வாத்தியார்:
விதிப்படி கட்டிய வேகத்தடை என்றால் வராது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் (சாலைத் தரம் வகுக்கும் அமைப்பு) சொல்லும் அளவு 10 செ.மீ உயரம், 3.7 மீட்டர் அகலம். அது முட்டும் விளிம்பே இல்லை, ஒரு சாய்வு. ஏறத் தொடங்கும் இடத்தில் பத்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். வண்டி முழுக்க அந்தச் சாய்வில் நின்றாலும் 200 கிலோவுக்கு 22 கிலோ விசைதான், எந்தச் சக்கரமாக இருந்தாலும் அதேதான். தெருவில் அவரவர் போட்டுக்கொண்ட ஒடுங்கிய மேடு, திருகி வைத்த ரப்பர் பட்டை எல்லாம்தான் விளிம்பு மாதிரி நடந்துகொள்ளும்.

அந்த மாதிரி இடத்தில் வண்டியைத் திருப்பி, இழுத்து ஏற்றுங்கள். தள்ளும்போது கை கொஞ்சம் கீழ்நோக்கி அழுத்தி, சக்கரத்தின்மேல் பாரத்தைக் கூட்டுகிறது. இழுக்கும்போது மேல்நோக்கித் தூக்குகிறது. விசை சரியான சாய்வில் இருந்தால் 3 செ.மீ விளிம்புக்கு 44 என்று சொன்ன இடத்தில் 40 கிலோ போதும். சின்னச் சக்கரத்தில் 102 என்பது 71 ஆக இறங்கும். சின்னச் சக்கரத்துக்குத்தான் இதில் லாபம் அதிகம்.

பட்டறைக்காரன்:
திருப்புவதற்கு நான் பதில் சொல்கிறேன். சைக்கிள் சக்கரம் நேராகப் பாரம் தாங்கும், பக்கவாட்டு இழுப்பு தாங்காது. நாலும் நிலையாக இருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு முனையைத் தூக்கியோ பக்கவாட்டில் இழுத்தோ திருப்புவீர்கள், கம்பி தளர்ந்து கோட்டம் விழும். மாதா மாதம் கோட்டம் எடுக்க சைக்கிள் கடைக்குப் போக வேண்டியிருக்கும். மாட்டு வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை, இரண்டே சக்கரம், அதது தன் பாட்டுக்குச் சுற்றும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். நடுவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரே அச்சில் இரண்டு பெரிய சக்கரம், தடித்த கம்பி, தடித்த ரிம், குடத்தில் பால்ரஸ். சிலிண்டரும் தண்ணீர் கேனும் நேரே அதன் மேல் வரட்டும். கைப்பிடிப் பக்கம் 10 அங்குலத்தில் காற்று டயர் போட்ட திருப்புச் சக்கரம் ஒன்றோ இரண்டோ. பாரத்தில் கால்வாசிக்கு மேல் அதற்குப் போகக் கூடாது. மேடு வந்தால் கைப்பிடியைத் தூக்கினாலே பின்சக்கரம் அந்தரத்தில் வந்துவிடும், பெரிய சக்கரம் இரண்டும் மேட்டைப் பார்த்துக்கொள்ளும். கடை போடும் இடத்தில் நாலு மூலைக்கும் இறக்கி நிறுத்தும் கால் ஒன்று கேளுங்கள், இல்லாவிட்டால் சூப்பு ஊற்றும்போது வண்டி ஆடும். இரண்டு பெரிய சக்கரமும் ஒரே விட்டமாக இருக்கிறதா என்று காற்று அடித்த பிறகு டேப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். ஒன்றில் காற்று குறைந்தால்கூட வண்டி அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும்.